ஒற்றைப் புருவ மரியாதை

மங்கலத்தில் நஞ்சப்பனின் தறிக்கூடத்துக்குள் நுழைகிற புது ஆள் முதல் நாள் காதைப் பொத்திக்கொள்வான். இரண்டாம் நாள் கையை எடுத்துவிடுவான். ஒரு வாரம் போனால் காது என்று ஒன்று இருப்பதே மறந்து, கண்ணால் கேட்கப் பழகியிருப்பான். பதினாறு விசைத்தறிகள் ஒன்றாக ஓடுகிற இடத்தில் குரல் என்பது தொண்டையில் சும்மா கிடக்கிற சாமான். உதட்டை அசைத்தால் போதும், எதிரில் இருப்பவர் படித்துக்கொள்வார். சாப்பிட்டாச்சா, நூல் வந்துருச்சா, உன் மாமியார் ஊருக்குப் போயிட்டாளா, இல்லை இன்னும் இருக்கிறாளா, எல்லாமே உதட்டில்தான் நடக்கும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு 'ங்க' வைக்காவிட்டால் தின்ற சோறு செரிக்காது. அந்த 'ங்க'வோ தொண்டையில் பிறந்து மூக்கு வழியாக நழுவிவிடுகிற எழுத்து. உதட்டில் அதற்கு வேலையே இல்லை. அதற்காக முதலாளியைப் போய் மொட்டையாக 'வா' என்று கூப்பிட முடியுமா? எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, இரண்டு புருவத்தையும் சேர்த்து லேசாகத் தூக்கி இறக்கினால் அது 'ங்க' என்று அந்தக் கூடத்தில் ஏற்பாடு. வாயால் 'ஆமா' என்று சொல்லிப் புருவத்தைத் தூக்கினால் 'ஆமாங்க'. சின்னவர் பெரியவருக்குத் தூக்குவார், பெரியவர் மனசு குளிர்ந்திருந்தால் அவரும் திருப்பித் தூக்குவார்.

ஆனால் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினால் கதை வேறு. அது நக்கல். "ஆமா, இவரு பெரிய இவரு" என்று அர்த்தம்.

ஏழாம் நம்பர், எட்டாம் நம்பர் தறிகளை ஓட்டுகிற மருதாசலத்துக்கு இரண்டு விதமும் கைவந்த கலை. முப்பத்துநாலு வயது, ஒடிசலான தேகம், நீண்ட மூக்கு, அதைவிட நீண்ட நாக்கு. அடுத்தவரைக் கேலி செய்தால் அடி விழலாம் என்பதால், பெரும்பாலும் தன்னையே கேலி செய்துகொண்டு பிழைப்பவன். அவனுக்கு நேர் எதிரே இருபதடி தள்ளி, தார் மிஷினில் அவன் மனைவி அமராவதி உட்கார்ந்திருப்பாள். தறியில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைப்பதற்கு, சின்னக் குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுக்கிற வேலை அவளுக்கு.

வீட்டில் அவர்களுக்குப் பேச நேரம் இருந்ததில்லை. அடுப்பு, தண்ணீர்க் குடம், வந்து போகிற ஒறம்பரைச் சனங்கள். கல்யாணமான ஒன்பது வருஷத்தின் பேச்சு முழுவதும் அந்த இருபதடி இடைவெளியில்தான் ஓடியிருந்தது. மருதாசலம் ஏதாவது சொல்வான். அமராவதி முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். தோள் இரண்டும் குலுங்கும். தறிச் சத்தத்தில் அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்காது. அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டா என்பதுகூட அவனுக்குச் சரியாக ஞாபகமில்லை. அந்தத் தோள் குலுங்குவதைப் பார்க்கவே அவன் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான் என்று சொன்னால், சம்பளத்தைக் குறைத்துவிடுவார்கள் என்பதால் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அறுபத்தாறாம் வருஷம் ஆடி மாதம் ஒரு மத்தியானம் எல்லாம் கெட்டது.

அன்று அமராவதி நல்லூரில் இருக்கிற தங்கச்சியைப் பார்க்கத் திருப்பூர் பஸ்ஸில் ஏறியிருந்தாள். மருதாசலம் சைக்கிளில் துணிச் சுருளைக் கட்டிக்கொண்டு அதே ரோட்டில் திருப்பூருக்குப் போய்க்கொண்டிருந்தான். பஸ் மெதுவாக அவனைத் தாண்டியது. ஜன்னலோரம் அமராவதி. பஸ் போட்ட சத்தத்தில் கூடத்து ஞாபகம் வந்து, அவன் உதட்டால் அவளிடம் ஏதோ சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. தலையை ஆட்டி, "என்னங்க?" என்றாள், இரண்டு புருவமும் தூக்கித்தான். அவன் இன்னும் கொஞ்சம் எட்டி மிதித்து, கழுத்தை நன்றாகத் திருப்பி, இன்னொரு முறை சொன்னான்.

ஓடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவர் அவன் பேச்சு முடிகிற வரைக்கும் காத்திருக்கவில்லை.

துணிச் சுருளுக்கு ஒரு கீறல் இல்லை. சைக்கிள் மணி உடையவில்லை. மருதாசலத்தின் மண்டை மட்டும் இடது காதுக்குப் பின்னால் கல்லில் மோதி விரிந்தது. காதில் ரத்தம் வழிய, அமராவதி போட்ட கூச்சலில் பஸ் நின்று, அதே பஸ்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தான். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தான். வலது கண்ணைத் திறந்தான் என்பதுதான் சரி. இடது கண் முதலிலிருந்தே திறந்துதான் இருந்தது.

முகத்தின் இடது பாதி வேலையை ராஜினாமா செய்துவிட்டிருந்தது. வாய் வலது பக்கமாக இழுத்துக்கொண்டது. டீ குடித்தால் பாதி அவனுக்கு, பாதி சட்டைக்கு. 'அம்மிணி' என்று மனைவியைக் கூப்பிட்டால் உதடு ஒட்டாமல், இடது ஓரத்தில் காற்று நழுவி, 'அங்ணி' என்று வந்தது. ப, ம வருகிற வார்த்தைகளையே அவன் ஒதுக்க ஆரம்பித்தான். தமிழில் அவை இல்லாமல் பேச முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். மருதாசலம் என்று தன் பேரைச் சொல்லவே இரண்டு 'ம' வேண்டியிருந்தது.

"சுவத்துல இடிச்சுக் கன்னத்தைத் தொலைச்ச ஆளு ஊருக்குள்ள நான் ஒருத்தந்தானுங்க" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவனே முந்திக்கொண்டு சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். அமராவதி சிரிக்கவில்லை.

அவளுக்கு ஒன்றுதான் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"ஏனுங்க, அன்னைக்கு என்னதானுங்க சொன்னீங்க?"

அவனுக்கு ஞாபகமில்லை. காலையில் பழைய சோறு தின்றது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி விட்டம்தான்.

"எனக்கு 'மாத்திப் போ'ன்னு தெரிஞ்சுதுங்க."

"எதை ஆத்தறது?" என்றான் அவன், 'மா' வராமல். "அது ஒரே வஸ்ஸுதானே?"

"அதேதானுங்க எனக்கும் புரியலெ. புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டியிருந்தன்னா நீங்க மறுக்காச் சொல்லியிருக்க மாட்டீங்க. ரோட்டைப் பாத்திருப்பீங்க."

அன்றைக்குத்தான் அவள் மனசில் இருப்பது அவனுக்கு விளங்கியது. எத்தனையோ சமாதானம் சொன்னான். குத்தம் என்மேல, சைக்கிள்மேல, சுவரைக் கட்டின மேஸ்திரிமேல என்றான். அவள் கேட்டுக்கொண்டாளே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் யார் எதை வாயசைத்தாலும், புரிகிறதோ இல்லையோ, உடனே தலையை ஆட்டிவிடுவாள். அப்படி ஆட்டித்தான் பக்கத்து மிஷின் தெய்வாத்தாளிடமிருந்து ஒரு பூனைக்குட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

சிரிப்பு மட்டும் வரவில்லை. மருதாசலம் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். மூடாத கண்ணில் பஞ்சு விழாமல் இருக்க ஒரு கூலிங் கிளாஸ் வாங்கி மாட்டிக்கொண்டான். வில்லன் வேஷத்துக்கு வந்த ஆள் சம்பளம் சரிப்படாமல் தறி ஓட்டுகிற மாதிரி இருந்தது. அதைச் சொல்லியே அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அரை உதட்டில் வந்த வாக்கியத்தை அவளால் படிக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அவனுக்கு ஓங்கி அழ வேண்டும் போலிருந்தது. அழுதாலும் ஒரு பக்கம்தான் கோணும் என்று நினைத்து விட்டுவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி நஞ்சப்பன் ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் காட்ட வந்தார். ஏழாம் தறி பக்கம் நின்று, "ரெண்டும் நல்லா ஓடுதா?" என்று வாயசைத்தார். "ஓடுதுங்க" என்று மருதாசலம் மனசார இரண்டு புருவத்தையும் தூக்கினான். இடது புருவம் அசையவில்லை. வலது மட்டும் கூலிங் கிளாசுக்கு மேலே கம்பீரமாக எழும்பியது.

நஞ்சப்பன் முகம் சிவந்தது. வெளியே வேப்பமரத்தடிக்கு அவனைக் கூப்பிட்டார்.

"ஏப்பா மருதாசலம், பெரிய மனுசரைக் கூட்டிட்டு வந்திருக்கறேன். அவரு முன்னால என்னைப் பாத்து எளக்காரமாப் புருவத்தத் தூக்கறயே, இது நாயமா?"

"ஐயோ, இல்லீங்க. ரெண்டையுந்தானுங்க தூக்கினேன். ஒண்ணு வரலீங்க."

"வரலீன்னா?"

"வரியாதை..." என்று ஆரம்பித்து, உதட்டை விரலால் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டு சொன்னான்: "மரியாதை முழுசாத்தானுங்க கெளம்புச்சு. பாதி வழியில பஞ்சராயிருச்சுங்க."

நஞ்சப்பன் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு கூலிங் கிளாசைக் கழற்றச் சொல்லி, முதல் முறையாக அவன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"கண்ணு மூடாதா?"

"தூங்கினாலுங்கூட இது தொறந்துதானுங்க இருக்குது."

"அப்ப, போன வாரம் மத்தியானம் நான் வந்தப்ப நீ தறிகிட்ட உக்காந்து முழிச்சு முழிச்சுப் பாத்துட்டிருந்தயே? என்ன பொறுப்பான ஆளுன்னு ஊட்ல போய்ச் சொன்னனே?"

"தூங்கிட்டிருந்தனுங்க."

நஞ்சப்பன் கூலிங் கிளாசை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். மெட்ராசில் இருக்கிற அவர் மச்சினருக்குத் தெரிந்த ஒரு டாக்டர், காதுக்குப் பின்னால் கத்தி வைத்து நரம்பு வேலை செய்வதில் கெட்டிக்காரர் என்று சொன்னார். "பேரு சிவசுப்பிரமணியம்."

அந்தப் பேரைக் கேட்டதும் மருதாசலத்துக்குத் தெம்பு வந்தது. அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் நின்று நியாயம் கேட்டான்: "உனக்கு ஆறு மொகம் இருக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு, அதுலயும் பாதி போச்சு. ஒரு அரை மொகம் குடுத்தா நீ என்ன கொறைஞ்சா போயிருவே? சென்னிமலைக்கு வந்து மொட்டை போடறன் சாமி." ப, ம வருகிற இடத்திலெல்லாம் விரலால் உதட்டை ஒட்ட வேண்டியிருந்தது. கும்பிடுகிற கை உதட்டுக்கும் நெஞ்சுக்கும் போய்ப் போய் வந்ததைப் பார்த்துப் பூனைக்குட்டி பயந்து அடுப்படிக்குப் போய்விட்டது.

தை பிறந்ததும் இருவரும் மெட்ராஸ் ரயில் ஏறினார்கள்.

டாக்டர் சிவசுப்பிரமணியம் குள்ளமானவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கன்னத்தில் கரண்டு வைத்துப் பார்த்தார். காதைப் படம் எடுத்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொன்னார், சீட்டியடிக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். மருதாசலம் மூன்றையும் முயன்று மூன்றிலும் பெயிலானான். பிறகு இருவரையும் உட்காரவைத்து, நிதானமாகச் சொன்னார்.

"காதுக்குப் பின்னால எலும்புக்குள்ள மெல்லிசா ஒரு குழாய் ஓடுது. அதுவழியா வாற நரம்புதான் பாதி முகத்தையும் ஆட்டி வைக்குது. மண்டை விரிஞ்சப்போ அது அறுந்துபோச்சு. நசுங்கி மட்டும் இருந்தா எலும்பைத் தொறந்து இறுக்கத்தை எடுத்துவிட்டா போதும். இது அறுந்து, நாளும் ஆகிப்போச்சு. முனையோட முனை எட்டாது."

"அப்ப வேற நூலுல பெணைக்கணுமுங்க" என்றான் மருதாசலம், உதட்டை விரலால் பிடித்துக்கொண்டு.

டாக்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்லுதீய?"

"தறியில பாவு தீந்துபோனா, புதுப் பாவைக் கொண்டாந்து பழைய நுனியோட இழைக்கு இழை பெணைப்பமுங்க. அந்தாட்டவே இதுவுமுங்க."

"அதேதான்யா! நான் பத்து வருஷமா இதை விளக்கச் சொல்லு தேடிக்கிட்டிருக்கேன்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உம்ம நாக்குக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு நரம்பு போவுது. இடது பக்கத்து நரம்பைக் கழுத்துல வெட்டி, மேல திருப்பி, முகத்து நரம்போட பிணைச்சிருவேன். பிணைச்ச இடத்துலருந்து அது கொஞ்சங் கொஞ்சமா வளந்து கன்னத்துக்குப் போய்ச் சேரணும். ஆறு மாசம் ஆவும். முகம் உசிர் பெறும், கண்ணு ஓரளவு மூடும். ஆனா நாக்குல பாதி சூம்பிப் போவும். பேச்சு கொஞ்சம் தடிக்கும். அதுக்குச் சம்மதம்னாதான் கத்தியை எடுப்பேன்."

மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் வேண்டுமானால் நாக்கைக் கொடு என்கிறார். நாக்கு இல்லாவிட்டால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு மூக்குதான்.

"நாக்கு பாதியாயிருமுங்களா?" என்று அமராவதி கேட்டாள்.

"பலம் பாதி குறையும்மா."

"அது ஒண்ணும் நட்டமில்லீங்க டாக்டரய்யா. அவருக்கு ரெண்டு ஆளு நாக்கு இருக்குதுங்க. பாதி போனாலும் ஒரு ஆளுக்கு மிஞ்சுமுங்க."

டாக்டர் வெடித்துச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்சு சிரித்தாள். மருதாசலத்தின் வலது பாதியும் சிரித்தது. சொன்னவள் முகத்தில் மட்டும் ஒரு சுழிப்பும் இல்லை. கேலி செய்ய இவளுக்கு இன்னும் தெரிகிறது, சிரிக்கத்தான் மறந்துவிட்டது என்று அவன் பார்த்தான். அந்த நிமிஷம் அவன் தீர்மானித்துவிட்டான். தறிக்கூடத்தில் நாக்கை யார் கேட்டார்கள்? அங்கே முகம்தான் பேச்சு. பாதி நாக்கைக் கொடுத்து அந்தத் தோள் குலுங்குவதை வாங்கலாம் என்றால், அது லாப வியாபாரம்.

"வெட்டுங்க" என்றான். பிறகு ஒரு சந்தேகம் கேட்டான்: "என்ன நம்பர் நூலுங்க போடுவீங்க?"

"நூலா? பட்டு. தலைமுடியைவிட மெல்லிசு."

"முடிச்சு சின்னதா இருக்கணுமுங்க. பெருசாப் போச்சுன்னா தறி அச்சுல மாட்டி அறுந்துக்குமுங்க."

"உத்தரவு" என்றார் டாக்டர். "இன்னொண்ணு. புருவம் வாறதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். அனேகமா வராது. சிரிப்பும் தானா வராது. நாக்கைப் பல்லுல வச்சு அழுத்தணும். அழுத்தினா கன்னம் தூக்கும்."

"அப்ப பல்லுக்குப் பின்னால சுவிச்சு வெக்கறீங்க."

"சுவிச்சுதான். போட்டாத்தான் வெளக்கு எரியும்."

மூன்றரை மணி நேரம் ஆனது. காதின் பின்புறத்திலிருந்து கழுத்துவரை தையல். வேலைக்கு வசதியாகத் தலையின் இடது பக்கத்தை நன்றாக மேலேவரை சிரைத்துவிட்டிருந்தார்கள். மயக்கம் தெளிந்து தடவிப் பார்த்த மருதாசலம், சென்னிமலை முருகனுக்குச் சேர வேண்டியதில் பாதியை ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டதை நினைத்துக் கவலைப்பட்டான். சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு வாய்க்குள் ஈரத்துணி மாதிரி புரண்டது. நீட்டச் சொன்னார்கள், அது நேராக வராமல் வழி கேட்கிற ஆள் மாதிரி இடது பக்கம் திரும்பிப் பார்த்தது.

ஊருக்கு வந்தபின் தினமும் காலையில் ஒரு வேலை. அமராவதி கண்ணாடியைப் பிடித்துக்கொள்வாள். மருதாசலம் நாக்கைப் பல்லில் வைத்து அழுத்துவான், இருபது தடவை. பங்குனி போயிற்று, ஒன்றுமில்லை. சித்திரையில் அவிநாசித் தேர் ஓடியது, கன்னம் ஓடவில்லை. வைகாசி, ஆனி. கை வலித்தாலும் அவள் கண்ணாடியை இறக்கியதில்லை. "இன்னைக்கு ஏதோ அசைஞ்சாப்பல இருந்துச்சுங்க" என்பாள். "அது கண்ணாடி அசைஞ்சுது அம்மிணி" என்பான் அவன். 'அம்மிணி' இன்னும் 'அங்ணி'தான், இப்போது கூடுதலாகக் கொழகொழவென்று. முகமும் போய் நாக்கும் போன ஒரே தறிகாரன் கொங்கு நாட்டிலேயே நாமாகத்தான் இருப்போம் என்று மனசுக்குள் ஒரு பயம் உட்கார்ந்தது. அதை மட்டும் அவன் கேலி செய்யவில்லை.

ஆடிக் கடைசியில் பக்கத்துத் தறிக்காரன் லிங்கசாமியின் தாய்மாமன் அவிநாசியில் தவறிப்போனார். எண்பத்தேழு வயது. இருவரும் எழவுக்குப் போனார்கள். ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். மருதாசலத்துக்குக் காலையில் தின்ற நிலக்கடலைத் தோல் ஒன்று கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்டு உயிரை எடுத்தது. எழவு வீட்டில் வாய்க்குள் விரலை விட முடியுமா? இருக்கிற அரை நாக்கால் நெம்பி நெம்பிப் பார்த்தான்.

உள்ளே புழுக்கம் தாங்காமல் எதிரே திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருந்த, செத்தவரின் தங்கச்சி முத்தாயி எழுந்து நின்றாள்.

"ஏனுங்க தம்பி, எங்கண்ணன் போனது உங்களுக்கு அவ்வளவு இனிப்பா இருக்குதுங்களா? எளிச்சுட்டு உக்காந்திருக்கறீங்க!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. மருதாசலத்துக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"எளிச்சனுங்களா?" என்று அவளையே கேட்டான். "எந்தப் பக்கமுங்க?"

"என்னது?"

"ஆத்தா, கோவிச்சுக்காம சொல்லுங்க. எளிப்பு வலது பக்கமா, இடது பக்கமா?"

"ரெண்டு பக்கமுந்தான்!" என்றாள் முத்தாயி, நெஞ்சில் அடித்துக்கொண்டு. அவ்வளவுதான். மருதாசலம் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மறந்து, "அம்மிணி! அம்மிணி!" என்று உள்ளே ஓடினான். உதடு ஒட்டி, 'ம்மி' முழுசாக விழுந்தது அவனுக்கே காதில் கேட்டது. ஒப்பாரி நின்றது. பெண்கள் நடுவிலிருந்து எழுந்த அமராவதியின் முன்னால் நின்று, நாக்கை அழுத்தினான். இடது கன்னம் மெல்ல, சோம்பல் முறிக்கிற மாதிரி, எழுந்தது.

அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை, உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். செத்தவர்மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று அவிநாசிப் பெண்கள் நெகிழ்ந்துபோய், விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்கள். பின்னால் விஷயம் தெரிந்த லிங்கசாமி, "எங்க மாமன் இருந்து செய்யாத நல்ல காரியத்தைப் போயிச் செஞ்சுட்டுப் போனாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

அதற்கப்புறம் வாரத்துக்கு வாரம் முகம் ஏறியது. கண் மூடியது, ஆனால் நாக்கை அழுத்தினால்தான். சாப்பிடும்போது கண் தானாகச் சிமிட்டியது. அதனால் கல்யாணப் பந்தியில் அவனுக்கு எதிர் இலையில் பெண்களை உட்கார வைக்கக் கூடாது என்று லிங்கசாமி சட்டம் போட்டான். சென்னிமலைக்குப் போய் மொட்டை போட்டார்கள். சிரைத்த இடது பக்கமும் முடி வளர்ந்துவிட்டிருந்ததால் முருகனுக்கு முழுசாகவே கிடைத்தது. டாக்டர் சொன்னபடி புருவம் மட்டும் வரவில்லை.

ஐப்பசியில் கூலிங் கிளாஸ் இல்லாமல் ஏழாம் தறிக்குத் திரும்பினான். முதல் நாளே நஞ்சப்பன் உள்ளே வந்தார். "வந்துட்டயா?" என்று வாயசைத்தார். "வந்துட்டனுங்க" என்றான் மருதாசலம். வலது புருவம் தனியாக ஏறி இறங்கியது. கூடத்தில் பார்த்தவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

நஞ்சப்பன் பதிலுக்குத் தன் ஒரு புருவத்தைத் தூக்கப் பார்த்தார். வீட்டில் கண்ணாடி முன்னால் பழகியிருப்பார் போல. ஆனால் அவருக்கு அது வரவில்லை. ஒரு கண் சுருங்கி, மூக்கு விடைத்து, மீசை ஒரு பக்கம் போய், தும்மப் போகிற ஆள் மாதிரி நின்றார். கடைசியில் விரலால் ஒரு புருவத்தைத் தள்ளி மேலே ஏற்றி வைத்துக் காட்டிவிட்டுப் போனார்.

முதலாளியே ஒற்றைப் புருவத்துக்கு வந்துவிட்டபிறகு மற்றவர்கள் இரண்டைத் தூக்குவது நன்றாக இருக்குமா? லிங்கசாமி ஆரம்பித்தான். தெய்வாத்தாள் தொடர்ந்தாள். கார்த்திகைக்குள் அந்தக் கூடத்தில் மரியாதை முழுக்க ஒரு புருவத்துக்கு மாறிவிட்டது. வெளியூரிலிருந்து சரக்குப் பார்க்க வருகிறவர்கள், இந்தக் கூடத்து ஆட்களுக்கு என்ன இவ்வளவு திமிர் என்று நஞ்சப்பனிடம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அமராவதி சிரித்திருக்கவில்லை. முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது, பேச்சு வந்திருந்தது. அவன் உதட்டை அவளால் மறுபடியும் படிக்க முடிந்தது. ஆனால் அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், சிரிப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று திரும்பிவிடுவாள். அந்தப் பாலத்துச் சுவர் அங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதை இடிக்க அவன் நாக்கில் எந்த வேடிக்கையும் இல்லை.

மார்கழியில் நல்லூர்த் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் அடிபட்ட ஆடி மாதத்துக்கு அப்புறம் ஒன்றரை வருஷமாக அந்தப் பஸ்ஸில் ஏறாத அமராவதி, அன்று மத்தியானம் துணிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடத்து வாசலில் நின்று, போய்ட்டு வரட்டுங்களா என்று தலையசைத்தாள். எட்டாம் தறியில் நாடாவை மாற்றிக்கொண்டிருந்த மருதாசலம் கையை எடுக்க முடியாமல், தலையை மட்டும் திருப்பி, யோசிக்காமல், பழக்கத்தில் உதட்டால் ஒன்று சொன்னான்.

அமராவதி நின்றாள்.

பையைக் கீழே வைத்தாள். ஐந்தடி உள்ளே வந்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்று வாயசைத்தாள்.

அவன் சொன்னான்.

"இன்னொருக்கா!"

தறியை நிறுத்திவிட்டு, முழு முகத்தோடு, இரண்டு உதடும் ஒட்டிப் பிரிய, நிதானமாகச் சொன்னான்: "பாத்துப் போ."

அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒரே மாதிரி விழும் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அன்றைக்கு ஓடுகிற பஸ்ஸில், ஆடுகிற ஜன்னலில் அவளுக்குத்தான் அது தோன்றவில்லை.

"அதுதானுங்க" என்றாள். "அன்னைக்குச் சொன்னது அதேதானுங்க. பாத்துப் போ."

மருதாசலத்துக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. பஸ்ஸில் சீட்டில் பத்திரமாக உட்கார்ந்து போகிறவளிடம், சைக்கிளில் கழுத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, 'பாத்துப் போ' என்று சொல்லியிருக்கிறான். அவளுக்குக் கேட்கவில்லையே என்று இரண்டாம் தடவையும் சொல்லியிருக்கிறான். சொல்லிக்கொண்டே போய் முட்டியிருக்கிறான்.

"ரெண்டு வாட்டி!" என்று அவள் இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு வாட்டி சொன்னீங்க!"

முந்தானை வாய்க்குப் போனது. அது போதவில்லை. நூல் கூடையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் போதாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் இரண்டும் குலுங்கின. நின்று, மூச்சு வாங்கி, அவனைப் பார்த்து, விரலைச் சுவரில் முட்டுகிற மாதிரி காட்டி, மறுபடியும் குலுங்கின. தெய்வாத்தாள் என்னவென்று கேட்க, அமராவதி சொல்ல முடியாமல் சொல்ல, உதட்டிலிருந்து உதட்டுக்கு அது தறி தறியாகப் போய்ச் சேர்ந்தது. மிச்சத் தறிகளின் சத்தத்துக்கு நடுவே சத்தமே இல்லாமல் கூடம் முழுவதும் சிரித்தது. லிங்கசாமி தறியைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

மருதாசலத்துக்கும் சிரிப்பு வந்தது. வலது பக்கம் தானாக வந்தது. இடது பக்கத்துக்கு நாக்கைப் பல்லில் வைத்துப் பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். அழுத்தியதில் இடது கண் மூடிக்கொள்ள, அவளை ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. அது போதுமானதாக இருந்தது.

வெளியே ஹாரன் அடித்துவிட்டு பஸ் கிளம்பிப் போயிற்று. அமராவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பையை எடுத்து, வாசல் பக்கம் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"பஸ்ஸு போயிருச்சுங்க" என்றாள். 'ங்க'வுக்கு ஒரே ஒரு புருவம் மேலே போனது.

அது மரியாதையா நக்கலா என்று மருதாசலத்துக்குத் தெரியவில்லை. இரண்டு புருவமும் தூக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அவனுக்கு அது தெரிந்ததில்லை.